இளநீர் கொடுக்கும் முன் கேளுங்கள்: கல்லடியில் நான்கு நாள் பயிற்சி

வைத்தியசாலையில் தொண்டராக உதவ விரும்புகிறவர்களுக்கு மட்டக்களப்புக் கல்லடியில் நடந்த நோயாளர் பராமரிப்புப் பயிற்சியை முடித்து மூன்று கிழமையாகிறது. இரண்டு சனி, இரண்டு ஞாயிறு, காலை 9 மணியிலிருந்து 4 மணி வரை. கட்டணம் இல்லை. மதியம் சோற்றுப் பார்சலும் தந்தார்கள். போகலாமா என்று கேட்கிற எல்லோரையும் நான் போகத்தான் சொல்கிறேன்.

நான் ஆரையம்பதியில் தையல் வேலை செய்கிறவள். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது 11 நாள் வாட்டில் கூட நின்றேன். ஒரு மத்தியானம், படுத்திருந்த அம்மாவுக்கு அப்படியே கஞ்சி பருக்கினேன். புரையேறி முகம் கறுத்துவிட்டது. தாதி ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைத் துடைத்தெடுத்தார். அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பயம் என்னை விடவில்லை. அதனால்தான் பெயர் கொடுத்தேன்.

வளவாளர் ஓய்வுபெற்ற தாதிய சகோதரி ஒருவர். முதல் நாளே சொன்னார்: "மகள், நீங்கள் தாதிக்கு உதவி செய்ய வந்தவர்கள், தாதி இல்லை. சேலைன் போத்தலையும் ஒட்சிசன் திருகையும் தொடக் கூடாது. ஆள் விழுந்தால் நீங்களாகத் தூக்கி நிறுத்தக் கூடாது, கூப்பிட வேண்டும்."

பிறகு இளநீருக்கு வந்தார். எங்கள் ஊரில் நோயாளி பார்க்கப் போகிறவர் கையில் இளநீர் இல்லாமல் போவதில்லை, பக்கத்துக் கட்டிலுக்கும் அரை டம்ளர் ஊற்றிக் கொடுப்போம். சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு அந்த இளநீரில் உள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பிவிடக்கூடும் என்று அவர் விளக்கியபோது மண்டபமே அமைதியானது. சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு ஒரு வாய் தேத்தண்ணீர் கொடுத்தாலும் மயக்க மருந்து நேரத்தில் அது மேலே வந்து சுவாசப்பைக்குள் போகலாம். தண்ணீர் கேட்டாலும் முதலில் தாதியிடம் கேள், இதுதான் முழுப் பயிற்சியிலும் எனக்குப் பெறுமதியான பாடம். நான் கொடுத்த இளநீர்கள் எத்தனை பேருக்கு ஒத்துவந்தனவோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

கை கழுவும் பாடம் மறக்காது. கண்ணைக் கட்டிவிட்டு, சவர்க்காரம் போல நீலச் சாயத்தை உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்கச் சொன்னார். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் என் இரண்டு பெருவிரலும் விரல்நுனிகளும் சாயம் படாமல் வெள்ளையாக இருந்தன. ஊசி பிடிக்கிற விரல்களே அவைதான். சவர்க்காரம் என்றால் 40 முதல் 60 விநாடி, கிருமிநீக்கித் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு. நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியையோ அலுமாரியையோ மட்டும் தொட்டாலும் பிறகு கை சுத்தம் செய்ய வேண்டும் என்பது எனக்குப் புதிது.

பெயர் கேட்கும் முறையும் அப்படித்தான். "நீங்கள் தங்கம்மாவா?" என்று கேட்டால் காது மந்தமான ஒரு பெத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் கைப்பட்டியோடும் டிக்கெட்டோடும் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு அட்டை) ஒப்பிட வேண்டும். ஒரே வாட்டில் இரண்டு தங்கம்மா இருப்பது எங்கள் பக்கம் சாதாரணம்.

யார் எந்த வாட்டில், என்ன வருத்தம் என்ற கதை காத்தான்குடி பஸ் ஏறும் முன்பே ஊருக்குப் போய்விடுகிற இடம் இது. படம் எடுக்காதே, வீட்டில் போய்ச் சொல்லாதே என்று ஒரு மணித்தியாலம் இதை மட்டுமே பேசினார்கள். தேவையான ஒரு மணித்தியாலம்.

குறைகளும் உண்டு. 26 பேருக்கு ஒரே ஒரு பொம்மை. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை 5 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள், ஆனால் எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடமும் இல்லை. கையேடு முழுக்க ஆங்கிலம். என்னோடு வந்த இரண்டு அக்காமார் அதைத் திறக்கவே இல்லை. அம்பாறைப் பக்கமிருந்து வருகிற சிங்கள நோயாளியிடம் "ரிதெனவாத", வலிக்கிறதா, என்று கேட்கவாவது நாலு சொல் படிப்பித்திருக்கலாம். சாவு நடந்த கட்டிலருகே உறவினரோடு எப்படி நிற்பது என்பதை அரை மணித்தியாலத்தில் ஓட்டிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை.

சக்கர நாற்காலிப் பயிற்சி மட்டும் ஒரு முழு மத்தியானம். பிறேக் பூட்டி, கால்மிதியை மடக்கி, பாரிசவாதக்காரரின் பலமான பக்கத்தில் நாற்காலியை வைக்க வேண்டும். சோர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகக்கூடும். அம்மாவை நான் அந்தக் கையில் பிடித்துத்தான் எழுப்பி வந்தேன்.

இப்போது அம்மாவை நேராக இருத்தி, நாடியைச் சற்றுக் கீழே சாய்க்கச் சொல்லி, சின்னக் கரண்டியால் கொடுக்கிறேன். ஒரு வாய் விழுங்கினாரா, சோர்ந்த கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த வாய். சாப்பிட்டு முடிந்ததும் அரை மணித்தியாலம் படுக்க விடுவதில்லை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, "சாய விடு மகள்" என்கிறார். நான் பக்கத்தில் இருந்து பொத்தான் தைக்கிறேன்.