4 ஆம் இலக்கச் சட்டை: ஹூப்பியாவா, வான் டைக்கா?

ஞாயிறு காலைகளில் கொம்பனித் தெருப் பக்கம் மைதானம் எடுத்து உதைபந்தாட்டம் ஆடும் எங்கள் குழுவுக்கு இந்த முறை சிவப்பு நிறத்தில் புதிய சட்டைகள் அடிப்பதென்றும், ஒவ்வொரு சட்டையிலும் அந்த இலக்கத்தை அணிந்த லிவர்பூல் வீரர்களில் சிறந்தவரின் பெயரைப் பதிப்பதென்றும் முடிவானது. பெரும்பாலான இலக்கங்களில் பிரச்சினை எழவில்லை. 7 என்றால் டல்கிளிஷ், 8 என்றால் ஜெரார்ட், 11 என்றால் சலாஹ். 9 ஆம் இலக்கத்தில் ரஷ்ஷா, ஃபவ்லரா என்று கொஞ்சம் சத்தம் எழுந்தாலும், அதுவும் தேநீர் ஆறுவதற்குள் ரஷ் பக்கம் முடிந்துவிட்டது. 4 ஆம் இலக்கம் மட்டும் இரண்டு வாரம் இழுபட்டது. மத்திய பின்களத்தில் நிற்பவன் நான் என்பதால் அந்தச் சட்டை எனக்கு உரியது; ஆகவே தீர்மானத்தையும் என்னிடமே விட்டுவிட்டார்கள். நான் எதைத் தேர்ந்தேன், ஏன் தேர்ந்தேன் என்பதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

போட்டி இருவருக்கிடையில்தான். ராவுல் மெய்ரெலெஸ், கோலோ டூரே போன்றவர்களும் அந்த இலக்கத்தை அணிந்திருக்கிறார்கள் என்றாலும் அவர்களுக்காக எவரும் வாதாடவில்லை. கராகரின் இலக்கம் 23, அலன் ஹான்சனின் இலக்கம் 6 என்பதால் அவர்கள் தாமாகவே விலகிவிட்டார்கள். ஹான்சன் விலகியதில் எனக்கு ஒருவகை நிம்மதியும் இருந்தது. எட்டு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களும் வென்றவரை, பழைய ஒளிப்பதிவுகளில் மட்டும் பார்த்த நான் எடைபோடுவது நியாயமாக இருந்திருக்காது.

ஆக, எஞ்சியவர்கள் சாமி ஹூப்பியாவும் வேர்ஜில் வான் டைக்கும். ஹூப்பியாவின் பக்கம் நின்றவர் என் பெரியம்மாவின் மகன். என்னைவிட ஏழு வயது மூத்தவர், வெள்ளவத்தையில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவர், எனக்கு லிவர்பூலைக் காட்டித் தந்தவரும் அவர்தான். 2005 மே மாதத்தில், மூன்று கோல் பின்தங்கியும் லிவர்பூல் ஏசி மிலானை வென்ற இஸ்தான்புல் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியை அவருடைய வீட்டு முன்னறையில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இருவருமாகப் பார்த்தோம். அப்போது இலங்கையின் கடிகாரம் இன்றைய நேரத்துக்கு அரை மணி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கும்போது நள்ளிரவு கடந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அப்படியொரு இரவை உடனிருந்து பார்த்த ஒருவரிடம் ஹூப்பியாவுக்கு எதிராகப் பேசுவது எவ்வளவு சிரமம் என்பதை லிவர்பூல் ரசிகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எளிதான விடயங்களை முதலில் முடித்துவிடலாம். இருவரும் ஆறடிக்கு மேல் உயர்ந்தவர்கள், தலையால் பந்தை வெல்வதில் இருவருக்கும் குறை சொல்ல முடியாது, இருவரும் அணித்தலைவர்களாக இருந்தவர்கள், இருவரும் ஐரோப்பாவின் உச்சக் கிண்ணத்தை வென்றவர்கள். பட்டங்களை எண்ணினால் வான் டைக்கிடம் 2020 இலும் 2025 இலும் வென்ற இரண்டு லீக் பட்டங்கள் உள்ளன. ஹூப்பியாவிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. லீக் பட்டம் ஒரு பின்கள வீரரின் கையில் மட்டும் இருப்பதில்லை.

விலையை எடுத்துக்கொண்டால் ஹூப்பியாவுக்கு நிகரில்லை. 1999 இல் நெதர்லாந்தின் வில்லம் ட்வே கழகத்திலிருந்து 26 இலட்சம் பவுணுக்கு வந்தவர், பத்து ஆண்டுகளில் 464 ஆட்டங்கள் ஆடினார். 2018 ஜனவரியில் சவுத்ஹம்ப்டனிலிருந்து வான் டைக்கை வாங்க லிவர்பூல் கொடுத்தது ஏழரைக் கோடிப் பவுண். இடையில் சந்தை மாறியது என்பது உண்மைதான் என்றாலும் இந்த இடைவெளியைச் சந்தை மட்டும் விளக்கிவிடாது.

அண்ணா வலியுறுத்திய இன்னொன்று உழைப்பு. மூன்று கிண்ணங்கள் வென்ற 2000-01 பருவத்தில் லிவர்பூல் 63 ஆட்டங்கள் ஆடியது. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் ஹூப்பியா நின்றார். பார்சிலோனாவை அவர்களுடைய மைதானத்திலேயே கோலின்றித் தடுத்து, பின்னர் ஆன்ஃபீல்டில் 1-0 என்று வென்ற யூஈஎஃப்ஏ கிண்ண அரையிறுதி அந்தப் பருவத்தில்தான் நடந்தது. 2003 இல் பயிற்றுவிப்பாளர் ஹூலியே தலைமைப் பட்டியை அவரிடமிருந்து எடுத்து இளைஞரான ஜெரார்டிடம் கொடுத்த பின்னரும் அவருடைய ஆட்டத்தில் எந்தத் தளர்வையும் நான் காணவில்லை. 2005 காலிறுதியில் யுவெண்டஸுக்கு எதிராக, மூலை உதையிலிருந்து வந்த பந்தை இடக்காலால் காற்றிலேயே அடித்து அவர் போட்ட கோல் இல்லாவிட்டால் இஸ்தான்புல் எங்களுக்குக் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். “அந்த மனுசன் ஒருநாளும் எங்களைக் கைவிடேல்லை, தம்பி” என்று அண்ணா சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆயினும் நான் வான் டைக்கைத்தான் தேர்ந்தேன். அதற்குக் காரணம் ஒன்றுதான்: பின்கள வீரரால் தமக்குப் பின்னால் எவ்வளவு வெளியை விட்டு நிற்க முடிகிறது என்பது.

இதை நான் ஆட்டத்தைப் பார்த்து அறிவதற்கு முன்னர் ஆடி அறிந்தேன். பாடசாலை அணியில் எனக்குப் பக்கத்தில் நின்றவன் உயரமானவன், தலைப்பந்தில் அவனை வெல்ல எவராலும் முடியாது, ஆனால் திரும்பி ஓடுவதில் மெதுவானவன். எதிரணியின் வேகமான பையன் ஒருமுறை அவனைத் தாண்டிப் போய்விட்டால் போதும். அதன்பின் அவன் தன்னையறியாமலே பத்தடி பின்வாங்கி நிற்பான். அவனோடு வரிசை பிசகக் கூடாதென்று நானும் பத்தடி பின்வாங்குவேன். எங்களுக்கு முன்னால் நின்ற மத்தியகள வீரன் திரும்பிப் பார்த்துவிட்டு, இடைவெளி விழுந்துவிட்டதென்று அவனும் இறங்கி வருவான். கால் மணி நேரத்தில் எங்கள் முன்கள வீரன் மட்டும் நடுக்கோட்டருகே தனியே கையை விரித்துக்கொண்டு நிற்பான். நாங்கள் கோல் வாங்குவதில்லை, போடுவதுமில்லை. இதில் ஒருவரும் தவறு செய்யவில்லை. ஒருவன் பின்வாங்கியதால் பத்துப் பேரும் பின்வாங்கினார்கள், அவ்வளவுதான்.

ஹூப்பியாவின் ஒரேயொரு குறை ஓட்ட வேகம். அதை அவர் நன்றாக அறிந்திருந்தார் என்பதும், இடம் பார்த்து நிற்கும் திறமையால் அதை ஈடு செய்தார் என்பதும் அவருடைய பெருமை. ஆனால் அந்த ஈட்டுக்கான விலையை அணி முழுவதும் கொடுத்தது. ஹூலியேயின் காலத்தில் ஹூப்பியாவும் ஹென்ஷோவும் தண்டப் பகுதியின் விளிம்பை ஒட்டியே நின்று காவல் காத்தார்கள். இஸ்தான்புல் ஆட்டத்தின் முதற்பாதியை நினைவில் மீட்டுப் பாருங்கள். அன்று எங்கள் வரிசை கோலை விட்டு மேலே நின்றது, அதன் பின்னால் வெளி கிடந்தது. மத்தியகளத்தில் மிலானின் கக்கா ஒரு சுழற்சியில் ஜெரார்டைக் கடந்து, நீட்டிய கராகரின் காலுக்கு எட்டாமல் பந்தைத் தள்ள, அவருடைய அணியின் கிரெஸ்போ அதை எங்கள் கோல்காப்பாளர் டூடெக்கின் தலைக்கு மேலாகத் தூக்கிப் போட்டார். 3-0. இடைவேளைக்குப் பின்னர், ஹூலியேக்கு அடுத்து வந்த பயிற்றுவிப்பாளர் பெனிடெஸ் செய்தது என்ன? மத்தியகள வீரர் ஹமனை இறக்கி, பின்னால் மூவரை நிறுத்தி, அந்த வெளியை அடைத்தார். ஆறு நிமிடங்களில் மூன்று கோல் வந்தது அதன் பின்னர்தான். அந்த இரவின் அதிசயத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த வெளியை அடைக்க மேலதிகமாக ஓர் ஆள் தேவைப்பட்டது என்பதும் அதே இரவில் தெரிந்த உண்மை.

வான் டைக் வந்த பின்னர் லிவர்பூலின் வரிசை நடுக்கோட்டை நெருங்கியே நின்றது. பின்னால் நாற்பது மீற்றர் வெறுமையாகக் கிடந்தாலும் அவர் அவசரப்பட்டதில்லை. 2019 மார்ச் 31 அன்று, இங்கு இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய டொட்டன்ஹம் ஆட்டத்தில் நடந்ததை நான் எத்தனை முறை மீண்டும் பார்த்திருப்பேன் என்று தெரியாது. ஆட்டம் 1-1, முடிய ஐந்து நிமிடம் அளவில் இருக்கிறது. சிசோகோ பந்தோடு தனியாக வருகிறார், பக்கத்தில் சொன் ஓடி வருகிறார், இருவருக்கும் எதிரே வான் டைக் ஒருவர் மட்டுமே. பந்தை நோக்கிப் பாய்ந்தால் சொன்னுக்குப் பந்து போய்விடும். அவர் பாயவில்லை. சொன்னுக்குச் செல்லும் வழியைத் தம் உடலால் மறைத்தபடி பின்னோக்கி ஓடி, சிசோகோ தண்டப் பகுதிக்குள் வந்து இனி அடிக்காமல் முடியாது என்ற நிலையில் மட்டும் ஓரடி எடுத்து வைத்தார். பந்து சிசோகோவின் பலவீனமான இடக்காலில் இருந்தது. அடி கம்பத்துக்கு மேலே போனது. சில நிமிடங்களில் மறுமுனையில் கோல் விழுந்து 2-1 என்று வென்றோம். மெதுவான ஒருவருக்கு இந்தப் பொறுமை கைகூடாது. ஓடிப் பிடிக்க முடியும் என்ற நம்பிக்கை உள்ளவரால்தான் அந்தக் கடைசி நொடி வரை காத்திருக்க முடியும்.

இனி எண்களைப் பார்க்கலாம். 2005-06 பருவத்தில் ஹூப்பியா ஏறத்தாழ எல்லா லீக் ஆட்டங்களிலும் நின்றார். லிவர்பூல் 38 ஆட்டங்களில் வாங்கியது 25 கோல்கள் மட்டுமே. 2018-19 இல் வான் டைக்கின் லிவர்பூல் வாங்கியது 22. காவலில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் போட்ட கோல்கள்? முன்னதில் 57, பின்னதில் 89. இந்த 32 கோல் வேறுபாட்டை முழுவதும் வான் டைக்கின் கணக்கில் எழுத முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சலாஹ்வும் மானேயும் இருந்த முன்களத்தை க்ரவுச்சும் மொரியெண்டெஸும் இருந்த முன்களத்தோடு ஒப்பிடுவது சரியாகாது. இருந்தாலும் 2018-19 இல் பக்கப் பின்கள வீரர்களான அலெக்சாண்டர்-ஆர்னோல்டும் ரொபர்ட்சனும் முறையே 12, 11 கோல்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார்கள். பின்களத்தில் ஆடுபவர்கள் எதிரணியின் மூலைக் கொடிவரை ஏறிச் செல்ல முடிந்தது எதனால்? தாங்கள் விட்டு வந்த வெளிக்கு ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்திருந்ததால்தான்.

இதைவிட வலுவான சான்று அவர் இல்லாதபோது கிடைத்தது. 2020 அக்டோபர் 17 அன்று எவர்ட்டன் மைதானத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து, அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். அடுத்த ஆண்டின் ஜனவரியிலிருந்து மார்ச் வரை லிவர்பூல் தன் சொந்த மைதானத்தில் தொடர்ச்சியாக ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. கழக வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அந்த ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து லிவர்பூல் போட்ட கோல் ஒன்றே ஒன்று, அதுவும் தண்ட உதை. ஒரு பின்கள வீரர் போனதும் வறண்டது கோல் போடும் பக்கம்! மற்ற மத்திய பின்கள வீரர்களான கோமெஸும் மாட்டிப்பும் காயமடைந்தார்கள், அரங்கில் ரசிகர்கள் இல்லை என்று அண்ணா சொன்ன சமாதானங்கள் நியாயமானவைதான். ஆனால் ஃபபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னுக்கு இழுத்து மத்தியகளத்தை வெறுமையாக்கியது அந்த ஓர் இடத்தை நிரப்பத்தானே. என் பாடசாலை மைதானத்தில் நடந்ததுதான் ஆன்ஃபீல்டிலும் நடந்தது.

எனக்கு உறுதி குறைவான இடங்களையும் சொல்லிவிட வேண்டும். ஹூப்பியாவின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு வந்த ஆட்டங்கள் சில மட்டுமே. அவருடைய மிகச் சிறந்த காலத்தை நான் துண்டு துண்டாகவே பார்த்திருக்கிறேன், அண்ணா என்னைவிட அதிகம் பார்த்திருக்கிறார். காயத்திலிருந்து திரும்பிய வான் டைக் எல்லா நாளும் பழைய வான் டைக்காக இருக்கவில்லை என்பதையும் மறைக்க முடியாது. லிவர்பூல் ஐந்தாம் இடத்தில் முடித்த 2022-23 பருவத்தில், முன்பு பொறுமையாகத் தோன்றிய அதே பின்னோட்டம் சில இரவுகளில் தயக்கமாகத் தோன்றியது. அவர் 2024 இல் செல்சிக்கு எதிரான லீக் கிண்ண இறுதியின் 118 ஆம் நிமிடத்தில் தலையால் கோல் போட்டதும், அடுத்த ஆண்டு தலைவராக லீக் பட்டத்தைத் தூக்கியதும் அந்தச் சந்தேகத்தைப் பெருமளவு போக்கிவிட்டன.

சென்ற சனிக்கிழமை புறக்கோட்டையில் சட்டை அடிக்கும் கடைக்குப் பெயர்ப் பட்டியலோடு போனபோது அண்ணாவும் உடன் வந்தார். 4 ஆம் இலக்கத்துக்கு நேரே ‘வேர்ஜில்’ என்று எழுதினேன். அவருடைய சட்டையில் குடும்பப் பெயர் இருப்பதில்லை. அண்ணா ஒன்றும் சொல்லாமல் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தார். மாற்று ஆட்டக்காரர்களுக்கென்று வைத்திருந்த 12 ஆம் இலக்கத்துக்கு நேரே பெயர் எழுதப்படாமல் இருந்தது. ஹூப்பியா லிவர்பூலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் அணிந்தது 12 என்பது எனக்கு அந்த நேரம்வரை நினைவுக்கு வரவில்லை. அண்ணா அந்த இடத்தில் பெயரை எழுதி, கடைசி எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகளை அழுத்தி வைத்து, அந்தப் புள்ளிகளும் சட்டையில் வர வேண்டும் என்று கடைக்காரத் தம்பியிடம் இரண்டு முறை சொன்னார். தன்னிடம் புள்ளி வைத்த எழுத்து இல்லை, வெட்டித்தான் ஒட்ட வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆகும் என்றான் அவன். செவ்வாய்க்கிழமையே வருகிறேன் என்றார் அண்ணா.