பெட்ரோல் போடும்போது மட்டும் ஒழுகுகிறதா? டேங்க்கை மாற்ற உடனே சம்மதிக்காதீர்கள்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. ஓட்டையே இல்லாத டேங்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு டேங்க் மாட்டி, முழு பில்லையும் என் தலையில் கட்டினார்கள். ஒழுகல் மட்டும் அப்படியே இருந்தது.

என் வண்டியின் கோளாறு இதுதான். ஓடும்போது ஒரு சொட்டு கிடையாது. ராத்திரி முழுக்க நின்றாலும் காலையில் கீழே தரை காய்ந்தே இருக்கும். பாதி டேங்க் வரைக்கும் போட்டால் பிரச்சினை இல்லை. ஃபுல் பண்ணச் சொன்னால் மட்டும், நிரம்பப் போகும் நேரத்தில் பின்சக்கரத்துக்கு முன்னால் சடசடவென்று கொட்டும். நாசிலை எடுத்த கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

இதை அப்படியே ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். முதலாளி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய வண்டி சார், டேங்க் துருப்பிடிச்சிருக்கும். ஒட்டினா நிக்காது, மாத்திடலாம்." கூட இருந்த பையன் வயர் லைட்டில் குண்டு பல்பைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். பெட்ரோல் ஒழுகுகிறது என்று வந்த வண்டி! பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். மைனஸ் 40 டிகிரியில்கூட தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி கிளம்பும் சரக்கு அது. அந்த பல்பு உடைந்திருந்தால் இன்று பில்லைப் பற்றிப் பேச நான் இருந்திருக்க மாட்டேன்.

எப்போது ஒழுகுகிறது என்பதிலேயே எங்கே ஒழுகுகிறது என்பதற்குப் பாதி விடை இருக்கிறது. டேங்க்கின் அடியில் ஓட்டை என்றால் வண்டி நின்றாலும் ஓடினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஓடும்போது மட்டும் என்றால் பம்ப்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் லைன், ஃபில்டர் மூட்டு, மிச்ச பெட்ரோலை டேங்க்குக்கே திருப்பும் ரிட்டர்ன் லைன் இவற்றைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் போட ஆரம்பித்ததுமே ஒழுகினால், ஊற்றும் வாயிலிருந்து டேங்க்குக்குப் போகும் ஃபில்லர் பைப்பிலோ அதன் ரப்பர் ஹோஸிலோ அடிப்பக்கம் பிளந்திருக்கிறது. நிரம்பும் நேரத்தில் மட்டும் என்றால் ஹோஸின் மேல்பக்கம், காற்று வெளியேறும் சின்ன வென்ட் ஹோஸ், டேங்க்கின் தலையில் பம்ப் உட்காரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட், இந்த மூன்றில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டேங்க்கின் மேல்தகடும் துருப்பிடிக்கும், மறுக்கவில்லை. அங்கே சேறு சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அப்படி இருந்தால் ஃபுல் பண்ணிய பிறகும் மட்டம் இறங்கும் வரை கசிந்துகொண்டே இருக்கும். நாசிலை எடுத்ததும் நிற்காது.

பிக்கப்பில் இன்னொரு சங்கதி. டேங்க் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் தொங்குகிறது. பெட்ரோல் ஊற்றும் வாயோ பின்னால் லோடு பாடியின் பக்கத் தகட்டில் இருக்கிறது. மேடு பள்ளத்தில் சேஸிஸ் ஒரு பக்கம் முறுக்கும், பாடி ஒரு பக்கம் ஆடும். இரண்டுக்கும் நடுவில் அந்த ரப்பர் ஹோஸ்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. வருஷக்கணக்கில் அது இறுகி, அதைப் பிடித்திருக்கும் வளையமான கிளாம்ப் ஓரத்தில் வெடிப்பு விடும். கண்ணுக்குத் தெரியாத இடம். ஒரு நல்ல மெக்கானிக்குக் கை போக வேண்டிய முதல் இடமும் அதுதான்.

டேங்க் மாற்றி வண்டியை எடுத்துப்போய் ஃபுல் பண்ணினேன். அதே இடம், அதே சடசட. திரும்பப் போனால், "புது டேங்க் செட் ஆகணும் சார், கொஞ்சம் ஓடட்டும்." செட் ஆவதற்கு அதென்ன புதுச் செருப்பா? அடுத்த தடவை கிளாம்ப்பைச் சுற்றிக் கறுப்புப் பசையை அப்பி அனுப்பினார்கள். சாதாரண சிலிக்கான் பசை பெட்ரோல் பட்டால் உப்பி உரிந்து வந்துவிடும். வந்தது.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பேசியது குறைவு. டேங்க் முக்காலுக்கு மேல் இருக்கும்போது வரச் சொன்னார். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, இன்ஜின் ஆறும் வரை விட்டார். தீயணைப்பான் பக்கத்தில். ஃபில்லர் பைப், ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் துணியால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மேலே லேசாகத் தூவினார். பிறகு கேனிலிருந்து புனல் வழியாக ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, இவர் சீல் செய்த எல்இடி டார்ச்சோடு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பவுடரில் ஒரு ஈரக்கோடு கிளம்பியது. டேங்க் பக்கத்துக் கிளாம்ப்பை ஒட்டி, ஹோஸின் மேல்பக்கத்தில், நகம் அளவு வெடிப்பு. மட்டம் அது வரை ஏறினால்தான் ஒழுகும். அதனால்தான் பாதி டேங்க்கில் காட்டிக்கொடுக்கவில்லை.

படம் எடுத்துக்கொண்டு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சண்டை போட்டேன். "ஃப்ரீயா மாத்தித் தர்றேன் சார்" என்று ஒரு ஹோஸ் மாட்டினார்கள். அங்கேயும் ஏமாற்று. அது ரேடியேட்டர் ஹோஸ். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கறுப்பு ரப்பர்தான். ஆனால் ரேடியேட்டர் ஹோஸ் தண்ணீருக்கும் கூலன்ட்டுக்கும் ஆனது, பெட்ரோலில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். பெட்ரோலுக்கு என்று செய்த ஹோஸின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். எஸ்ஏஇ ஜே30 என்ற குறியீடோ, எரிபொருளுக்கானது என்ற வாசகமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். சரியான ஹோஸைக் கடைசியில் அந்த இரண்டாவது மெக்கானிக்தான் மாட்டினார். இப்போது ஃபுல் பண்ணினால் ஒரு சொட்டு இல்லை.

ஒழுகலே இல்லாமலும் பெட்ரோல் வெளியே வரலாம். நாசில் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பெட்ரோல் அதை மூடியதும் நாசில் தானாக நின்றுவிடும். வென்ட் ஹோஸ் அடைத்திருந்தால் டேங்க்கில் இருக்கும் காற்று போக வழியில்லாமல், நாசில் டக் டக்கென்று நின்று நின்று, வாய் வழியாகத் துப்பும். இதைக் காட்டியும் டேங்க் விற்பார்கள். நாசில் நின்ற பிறகு "இன்னும் கொஞ்சம்" என்று கழுத்து வரை ஊற்றச் சொல்வதும் வேண்டாம். 60 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஒரு லிட்டருக்கு மேல் விரியும். வெயிலில் நிறுத்தினால் அது எங்கே போகும்?

டேங்க்கைக் காலி செய்து வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காற்றில் பெட்ரோல் ஆவி வெறும் 1.4 சதவீதம் இருந்தாலே வெடிக்கும். காலி டேங்க்கில் அது தாராளமாக இருக்கும்.

கழற்றிய பழைய டேங்க்கைக் கேட்டேன். "காயலான் கடைக்குப் போயிடுச்சு" என்றார்கள். ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துவந்து, துளைகளை அடைத்து, தண்ணீர் நிரப்பி, வெளியே துடைத்து ராத்திரி முழுக்க வைத்தேன். எங்கும் ஈரம் இல்லை. அதை முதலாளியிடம் சொன்னதற்கு, "தண்ணி வேற, பெட்ரோல் வேற சார்" என்றார். ரேடியேட்டர் ஹோஸ் மாட்டும்போது அந்த ஞானம் எங்கே போனது என்று கேட்டேன். பதில் இல்லை.

கூலியை மட்டும் திருப்பித் தந்தார். டேங்க் காசு வரவில்லை. கழற்றும் முன்பே "பழைய பார்ட்ஸ் எனக்கு வேணும்" என்று பில்லில் எழுதி வாங்கியிருந்தால் அதையும் கேட்டுப் பார்த்திருக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். நீங்கள் எழுதி வாங்குங்கள். பழைய டேங்க் நல்ல நிலையில் என்னிடம்தான் இருக்கிறது, பழைய மாடல் பிக்கப் வைத்திருக்கும் யாருக்காவது பொருந்தினால் சொல்லுங்கள்.