101 ஃப்ரீவேயைத் தாண்ட: சுரங்கமா, பாலமா?

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தெற்குப் பகுதியிலிருந்து பேலாண்ட்ஸ் சதுப்பு நிலப் பக்கம் சைக்கிளில் போக, நடுவில் 101 ஃப்ரீவே என்ற விரைவு நெடுஞ்சாலை குறுக்கே கிடக்கிறது. அங்கே தாண்டும் வழிகளில் மூன்றை வைத்துப் பார்க்கலாம்: சான் அன்டோனியோ ரோடு மேம்பாலம், அடோபி ஓடையை ஒட்டி ஃப்ரீவேக்கு அடியில் போன பழைய சுரங்கப்பாதை, 2021 நவம்பரில் திறந்த நடை-சைக்கிள் பாலம்.

சான் அன்டோனியோ ரோட்டைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஃப்ரீவேயில் ஏறப்போகும் கார் வேகம் பிடிக்கிற இடத்தில் சைக்கிள் அதைக் குறுக்கே கடக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை அந்த வழியில் அனுப்ப யாருக்கும் மனசு வராது.

ஓட்டுகிற சுகத்தில் சுரங்கம்தான் உசத்தி. இறங்கும் வேகமே எதிர் மேட்டில் பாதியை ஏற்றிவிடும். சைக்கிளில் போகிறவருக்குத் தலைக்கு மேல் எட்டு, பத்து அடி இருந்தால் போதும். பாலம் அப்படி இல்லை. அடியில் லாரி போக 18.5 அடியாவது விட்டாக வேண்டும், சக்கர நாற்காலியும் ஏறும்படி 20 அடிக்கு 1 அடி என்ற சரிவில் கட்டினால் அந்த 18.5 அடியை எட்டவே ஒரு பக்கத்துக்கு 370 அடி வேண்டும், பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் இன்னும் நீளும். எதிர்க்காற்று அடிக்கிற நாளில் கால் கடுக்கத்தான் செய்யும்.

ஆனாலும் என் ஓட்டு பாலத்துக்குத்தான். சுரங்கம் ஓடையின் மட்டத்திலேயே இருந்ததால் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிவிடும், வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள் அடைத்தே கிடக்கும். பம்பு வைத்து இறைக்கலாமே என்றால், ஓடையே உள்ளே வரும்போது எங்கே இறைப்பது? மே மாதம் சைக்கிளில் வேலைக்குப் போகப் பழகியவர் மழை தொடங்கி வழி அடைபட்டதும் காரை எடுப்பார், அப்புறம் வெயில் திரும்பினாலும் சைக்கிள் கராஜிலேயே நிற்கும். இந்த நஷ்டம் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் வருவதில்லை.

பாலத்துக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் ஆனது. சரி, பெரிய தொகைதான். எப்போதாவது பறவை பார்க்கப் போகிறவருக்குச் சுரங்கமே போதுமாக இருந்திருக்கும், தினமும் ஃப்ரீவேக்குக் கிழக்குப் பக்கம் உள்ள அலுவலகங்களுக்குப் போகிறவருக்கு அது எப்படிப் போதும்?