கண்டென்சிங் வாட்டர் ஹீட்டர் வடிகால்: சரிவுக் குழாயா, பம்ப்பா?

கண்டென்சிங் கேஸ் ஹீட்டர் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்வதால், எரியும்போதெல்லாம் தண்ணீர் சொட்டும். சாதாரணத் தண்ணீர் அல்ல, அமிலம். பிஎச் 3 முதல் 5 வரை இருக்கும். செம்பு, இரும்புக் குழாய்களை அரித்துவிடும். எந்த வழியானாலும் பிவிசி அல்லது சிபிவிசிதான்.

தரை வடிகால் பக்கத்தில், ஹீட்டரின் வடிமுனையைவிடத் தாழ்வாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சரிவுக் குழாய் போடுங்கள். முக்கால் அங்குலக் குழாய், அடிக்குக் கால் அங்குலச் சரிவு. கரண்ட் வேண்டாம், சத்தமும் இல்லை. கிளாம்ப் குறைந்து குழாய் தொய்ந்தால்தான் வம்பு: அங்கே தண்ணீர் தேங்கி, வழவழப்பாகப் படிந்து அடைக்கும், பின்வாங்கும் நீர் ஹீட்டரையே நிறுத்திவிடும்.

வடிகால் உயரத்தில் இருக்கும் பேஸ்மென்ட்டில் பம்ப்தான் கதி. தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பி மோட்டாரை ஓட்டும். மெல்லிய வினைல் டியூப் (வளையும் பிவிசி) வழியே நீர் மேலேறும். நீரை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வு இல்லாவிட்டால் ஏறிய நீர் திரும்ப இறங்கி, மோட்டார் ஓயாமல் ஓடும். பம்ப்பில் ஓவர்ஃப்ளோ சுவிட்சுக்கென்று இரண்டு வயர் தனியாக வரும். பலர் அதைச் சுருட்டி ஓரமாக விட்டுவிடுகிறார்கள். அதை ஹீட்டரின் கண்ட்ரோலோடு இணைத்தால்தான், பம்ப் பழுதானதும் ஹீட்டர் தானாக நிற்கும். இல்லையேல் தரையெல்லாம் வெள்ளம்.

அமிலத்தை முறிக்கும், சுண்ணாம்புக்கல் நிரப்பிய நியூட்ரலைசர் இரண்டுக்கும் வேண்டும். பம்ப் என்றால் அதற்கு முன்னால். கல் கரையும், வருடம் ஒருமுறை அதிலிருந்து வெளிவரும் நீரைப் பிஎச் தாளால் பாருங்கள். முதல்முறை பற்றவைக்குமுன் டிராப்பில் (தண்ணீர் தங்கிப் புகையைத் தடுக்கும் வடிகால் வளைவு) தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள். காலியாக இருந்தால் புகை வீட்டுக்குள் வரும்.