மாத ஸ்டாக்கா, கான்பன் அட்டையா? ஒரு பிராக்கெட்டை வைத்து ஒரு கணக்கு

தேவைப்படும் நேரத்தில் தேவையான அளவு மட்டும் செய்யும் ஜஸ்ட் இன் டைம் முறையை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்வது, ஸ்டாக்கில் முடங்கும் பணம் மிச்சமாகும் என்பதைத்தான். உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்ள நேரும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அசெம்பிளி லைனுக்குத் தினமும் 480 ஷீட் மெட்டல் பிராக்கெட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 24 வேலை நாளுக்கு 11,520. ஒன்றின் விலை 50 ரூபாய். வட்டி, இடம், துரு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஸ்டாக் வைக்கும் செலவு ஆண்டுக்கு 20 சதவீதம்.

மாதத்துக்கு ஒரே தடவை பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி உருவாக்கும் எந்திரம்) அடித்துக் குவித்தால், சராசரியாக 5,760 பிராக்கெட் கிடங்கில் கிடக்கும். மதிப்பு 2,88,000 ரூபாய். ஆண்டுச் செலவு 57,600.

தினமும் அடித்தால்? இங்கேதான் கான்பன் வருகிறது: ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை, பெட்டி காலியானதும் அட்டை பிரஸ்ஸுக்குத் திரும்பும், அதுதான் மறுபடி அடிக்க அனுமதி. அட்டை எத்தனை என்பதற்குச் சூத்திரம் உண்டு: தினசரித் தேவையை, காலிப் பெட்டி நிரம்பித் திரும்ப ஆகும் நாளால் பெருக்கி, பாதுகாப்பு விகிதத்தைச் சேர்த்து, பெட்டியின் கொள்ளளவால் வகுக்க வேண்டும். ஒரு நாள், 20 சதவீதம், பெட்டிக்கு 40 என்றால் 480 × 1 × 1.2 ÷ 40 = 14.4. அதாவது 15 அட்டை. அட்டை இல்லாமல் யாரும் அடிக்கக் கூடாது என்பதால் 600-ஐத் தாண்டி ஸ்டாக் ஏறாது. ஆண்டுச் செலவு மிஞ்சிப்போனால் 6,000. மிச்சம் 51,600.

இதோடு நிறுத்திக்கொள்ளும் ஆலோசகர்கள், ஒரே பிரஸ்ஸில் வேறு பாகமும் அடிப்பதற்காக டையை (பிரஸ்ஸில் பொருத்தும் அச்சு) மாற்றும் நேரத்தைச் சொல்வதில்லை. டை மாற்ற 2 மணி நேரம் என்றால், மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிய இடத்தில் இப்போது 24 தடவை. மாதம் 46 மணி நேரம் கூடுதலாகப் பிரஸ் நிற்கிறது. பிரஸ் மணிக்கு 800 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4,41,600 ரூபாய் போச்சு. அதையே 8 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் 24 தடவைக்கு மாதம் 3.2 மணி நேரம்; முன்பு ஆன 2 மணி நேரத்தைக் கழித்தால், கூடுதல் இழப்பு ஆண்டுக்கு 11,520 ரூபாய்தான். 40,080 ரூபாய் கையில் நிற்கும். ஆகவே டை மாற்றத்தைக் குறைக்காதவரை மாத ஸ்டாக்கே லாபம்.

எப்படிக் குறைப்பது? அந்த 2 மணி நேரத்தில் பெரும்பகுதி டையைத் தேடுவதிலும், அளவு ஒத்துவராத போல்ட்டுகளிலும், டை உயரத்தைச் சரிசெய்ய ஷிம் (மெல்லிய தகடு) வைப்பதிலும், சோதனைப் பீஸ் அடிப்பதிலும் போகிறது. அடுத்த டையும் காயிலும் (தகட்டுச் சுருள்) பிரஸ் நிற்பதற்கு முன்பே டிராலியில் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். எல்லா டைகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, கிளாம்ப் போல்ட்டும் ஒரே அளவாக்கி, இடம் பிடிக்க லொகேட்டிங் பின் வைத்தால் பாதிக்கு மேல் குறையும். டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸில் 4 மணி நேரம் எடுத்த வேலையை ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 3 நிமிடத்துக்குக் குறைத்தது இந்த வழியில்தான்.

பணக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது தரம். துளை போடும் பஞ்ச்சின் முனை உடைந்து துளை சற்று விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது அசெம்பிளியில்தான் தெரிகிறது. மாத ஸ்டாக் முறையில் பத்தாம் நாள் காலையில் கண்டுபிடித்தால், மீதி 7,200 பிராக்கெட்டையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். எந்த ஷிஃப்டில், எந்தக் காயிலில் தொடங்கியது என்று யாருக்கும் நினைவிருக்காது. கான்பனில் சோதிக்க வேண்டியது அதிகபட்சம் 600. நேற்று அடித்தவர் இன்றும் அதே பிரஸ்ஸில் நிற்பார். காரணம் கையோடு அகப்படும். ஸ்டாக் அதிகமாக இருந்தால் குறை தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த முறைக்குத் தாங்கும் சக்தி குறைவு. 1997 பிப்ரவரி 1 அதிகாலை, ஜப்பானின் காரியாவில் ஐசின் செய்கி ஆலையில் தீப்பிடித்தது. டொயோட்டாவுக்கு வேண்டிய ஒரு சிறிய பிரேக் வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் போனது. கையிருப்போ சில மணி நேரத்துக்கு. சில நாள்களில் டொயோட்டாவின் ஜப்பான் லைன்களில் பெரும்பாலானவை நின்றுவிட்டன. மற்ற சப்ளையர்கள் தங்கள் பட்டறைகளிலேயே அந்த வால்வைச் செய்துகொடுத்ததால்தான் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஓட்டம் திரும்பியது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிப்புகளை 2 முதல் 6 மாதத் தேவைக்கு வைத்திருக்கும்படி டொயோட்டாவே சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டது.

எனவே தொழிற்சாலை முழுவதற்கும் ஒரே முறை என்று முடிவு செய்யாமல் பாகம் பாகமாகப் பிரியுங்கள். தினமும் சீராக ஓடி, பக்கத்திலேயே கிடைப்பதற்குக் கான்பன். கப்பலில் வருவதற்கும் ஒரே சப்ளையர் மட்டும் தருவதற்கும் ஸ்டாக். நட், வாஷர் வகைக்கு இரண்டு பெட்டி போதும்: ஒன்று தீர்ந்ததும் ஆர்டர், மற்றதிலிருந்து எடுப்பு.

ஆர்டர்கள் மாதக் கடைசி வாரத்தில் குவிகிற இடத்தில் 15 அட்டை தாங்காது; முதலில் அசெம்பிளித் திட்டத்தை நாள்வாரியாகச் சமன்செய்ய வேண்டும். இன்னொரு வேடிக்கை, வாங்கும் கம்பெனி ஜஸ்ட் இன் டைம் என்று பெருமை பேசும். அதே ஸ்டாக் வென்டரின் கிடங்கில் மூன்று வாரமாக உறங்கும். அந்த வட்டியும் ஒருநாள் விலையில் ஏறித்தான் வரும்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் 15 அட்டையில் ஒன்றை எடுத்துவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். லைன் நிற்காவிட்டால் இன்னொன்றை எடுங்கள். நின்றால் அட்டையைத் திருப்பி வைத்து, எதனால் நின்றது என்று தேடுங்கள்.