முகத்துக்கு லேசர் என்று மொத்தமாகப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

எனக்குத் தாடையில் முடி வளரும். மேலுதட்டுப் பூனைமுடியைச் சொல்லவில்லை. தாடைக்கு அடியில் கழுத்துவரை, கறுத்துத் தடித்த முடி. இருபத்து மூன்று வயதில் ஆரம்பித்தது. அம்மா குப்பைமேனியையும் கஸ்தூரி மஞ்சளையும் அரைத்து இரண்டு வருடம் பூசிவிட்டார். முகம் மஞ்சளானது, முடி அப்படியே இருந்தது. அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தடவை தெருமுனை பார்லர் அக்காவிடம் த்ரெட்டிங். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் பார்வை என் தாடைக்கு இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்தே வருடங்கள் போயின.

போன வருடம் மதுரையில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் நுழைந்தேன். "ஆறு சிட்டிங் மேடம், 24,000 ரூபாய். இன்னைக்கே மொத்தமா கட்டினா 18,000. அதுக்கப்புறம் வாழ்நாளுக்கும் முடி வராது." வெள்ளைக் கோட்டு போட்ட பெண் கேட்ட ஒரே கேள்வி, கார்டா ஜிபேயா என்பதுதான். வேறு மருந்து சாப்பிடுகிறேனா, வெயிலில் அலைகிற வேலையா, எதுவும் கேட்கவில்லை. கட்டிவிட்டேன். "வரும்போது த்ரெட்டிங் பண்ணி சுத்தமா வந்திருங்க" என்றார். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேயே ஏமாந்துவிட்டேன் என்பது பின்னால்தான் புரிந்தது. லேசர் ஒளி முடியின் கறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வேருக்குச் சூட்டை இறக்கும். நூல் போட்டு முடியை வேரோடு பிடுங்கிவிட்டுப் போனால் ஒளி எதைப் பிடிக்கும்? முறையாகச் செய்கிற இடத்தில் முந்தின நாள் ஷேவ் செய்துகொண்டு வரச் சொல்வார்கள். த்ரெட்டிங், வேக்சிங் எல்லாவற்றையும் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆக, நான் முதல் சிட்டிங்கில் வாங்கியது வெறும் வெளிச்சம்.

பத்தே நாளில் இரண்டாவது சிட்டிங். இதுவும் தப்பு. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. வளரும் கட்டத்தில் இருக்கிற முடிதான் லேசருக்கு மசியும். மற்றவை அந்தக் கட்டத்துக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் முகத்துக்கு நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி விடுகிறார்கள். இவர்களுக்கு அவசரம். "போன தடவை ரிசல்ட் கம்மி, பவர் கொஞ்சம் கூட்டியிருக்கோம்" என்றார் அந்தப் பெண். ஜெல்லைப் பூசி, கண்ணுக்கு மூடி போட்டு, கருவியை வைத்து அழுத்தினார். சுரீர் என்றது. எரிகிறது என்றேன். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் தாடை ஓரமாக நீளச்சதுரம் நீளச்சதுரமாகச் சிவந்திருந்தது, அச்சு வைத்து ஒத்தின மாதிரி. ஒரு வாரத்தில் அவை கறுத்தன. போன் செய்தால், "சிலருக்கு அப்படித்தான், கற்றாழை போடுங்க."

பார்லர் அக்காதான் என்னைத் திட்டி அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அனுப்பினார். தன் வியாபாரத்தைப் பார்க்காமல் அனுப்பினார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சிட்டிங்குக்கு முன்னால் நான் எடுத்த செல்ஃபியில் கருவியின் பெயர் விழுந்திருந்தது. டாக்டர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது லேசரே இல்லம்மா, ஐ.பி.எல்." என்றார். எனக்குத் தெரிந்த ஐ.பி.எல். சேப்பாக்கத்தில் நடப்பதுதான். லேசர் என்பது ஒரே அலைநீள ஒளி. இது பல அலைநீளங்கள் கலந்து பளிச்சிடுகிற விளக்கு. வெளுத்த தோலில் கறுத்த முடி என்றால் ஓரளவு பரவாயில்லை. நம் மாநிறத்தில் தோலிலும் நிறமி நிறைய இருப்பதால், முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொள்கிறது. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசர்தான் கூடுதல் பாதுகாப்பு, டயோடு லேசர் என்றால் அளவறிந்து கவனமாக வைக்க வேண்டும் என்றார்.

ஆனால் அவர் முதலில் கேட்டது கருவியைப் பற்றி இல்லை. "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?" எனக்கு ஐம்பது நாள், அறுபது நாள் தள்ளிப்போகும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். பி.சி.ஓ.எஸ். என்று தெரிந்தது. ஹார்மோன் சீர்கெட்டு, பீரியட்ஸ் தள்ளிப்போய், முகத்தில் முடியும் வளர்கிற கோளாறு. ஹார்மோனைக் கவனிக்காமல் எந்தக் கருவி வைத்தாலும் புது முடி வந்துகொண்டேதான் இருக்குமாம். சில பெண்களுக்கு முகத்திலும் கழுத்திலும் லேசரோ ஐ.பி.எல்.லோ வைத்த பிறகு முடி முன்னைவிட அடர்வதும் உண்டு. எனக்குக் காதோரம் இருந்த பூனைமுடி இப்போது கறுத்து நிற்கிறது.

'வாழ்நாளுக்கும் வராது' என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற எஃப்.டி.ஏ. கூட லேசரை நிரந்தரமாகக் 'குறைக்கும்' என்று சொல்லத்தான் விடுகிறது, நீக்கும் என்று சொல்ல விடுவதில்லை. நிரந்தர நீக்கம் என்றால் எலக்ட்ரோலிசிஸ்தான். ஒவ்வொரு முடியின் வேருக்கும் ஊசி இறக்கி மின்சாரத்தால் கருக்க வேண்டும். நாலைந்து முடிக்குச் சரி. என் தாடைக்கு அது எத்தனை மாத வேலையோ.

நீங்கள் போவதாக இருந்தால், கருவியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஓரமாக ஒரு சின்ன இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்து மயங்காமல் மருத்துவப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியாகப் பணம் கொடுங்கள். மொத்தமாகக் கட்டினால்தான் தள்ளுபடி என்றால் அந்தத் தள்ளுபடியே வேண்டாம்.

பில்லில் 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தார்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகுதான் அங்கிருந்து மேனேஜர் பேசினார். ரொம்பப் பணிவாக. "பணமா தர முடியாது மேடம். மீதி நாலு சிட்டிங்கை வீட்டுல வேற யாருக்காவது மாத்தித் தர்றோம். அம்மாவுக்கு எடுத்துக்கலாமே?"

அம்மாவின் தாடையிலும் மூன்று முடி உண்டு. மூன்றும் வெள்ளை. கறுப்பே இல்லாத முடியை எந்த லேசராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதை அந்த மேனேஜருக்கு நான்தான் விளக்கினேன்.