காலி கேலரியை நிரப்ப நாலு வழி: எது தேறும்?

ஒரு கால்பந்து கிளப்புக்குக் கூட்டம் குறைந்தால் எல்லோரும் முதலில் கை வைப்பது டிக்கெட் விலையில்தான். விலையைக் குறைத்தால் ஆள் வரும் என்பது ஓரளவு சரி. ஆனால் எப்படிக் குறைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சீசன் டிக்கெட்டை, அதாவது சொந்த மைதானத்தில் நடக்கும் ஒரு சீசனின் எல்லா லீக் ஆட்டங்களுக்குமான ஒரே டிக்கெட்டை, அடிமாட்டு விலைக்குக் கொடுக்கலாம். மொத்தமாக இலவசமாக்கலாம். முடிந்ததைக் கொடுங்கள் என்று விட்டுவிடலாம். கிராக்கியைப் பார்த்து ஏற்றி இறக்கலாம். நாலையும் ஐரோப்பாவில் யாராவது செய்து பார்த்துவிட்டார்கள். அதனால் ஊகத்துக்கு அவசியமில்லை, நடந்ததை வைத்தே பேசலாம்.

பெரிய கிளப்புகளை இதில் சேர்க்கவில்லை. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் ரசிகர்கள் 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து, சண்டர்லேண்டுடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியே போனார்கள். 2-0 என்று முன்னிலையில் இருந்த அணி 2-2 என்று முடித்தது. சில நாளில் நிர்வாகமும் பின்வாங்கியது. ஆனால் அங்கே காலியாகும் ஒவ்வொரு இருக்கைக்கும் வெளியே வரிசையில் ஆள் நிற்கிறது. இங்கே நாம் பார்ப்பது அந்த வரிசையே இல்லாத கிளப்புகளை.

அந்த மாதிரி கிளப்புக்கு ஒரு காலி இருக்கை என்பது சாயங்காலம் வரை விற்காத கீரைக்கட்டு. ஆட்டம் முடிந்தால் அதற்கு மதிப்பே கிடையாது. வீரர்களின் சம்பளம், மைதான வாடகை, விளக்குக் கரண்டு எல்லாம் ஐயாயிரம் பேர் வந்தாலும் பத்தாயிரம் பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதலாக வருபவருக்கு ஆகும் செலவு கொஞ்சம் பாதுகாப்பு ஆட்கள், அவ்வளவே. அப்படி வருபவர் டீயும் தின்பண்டமும் வாங்கினால் அது லாபக் கணக்கில் சேரும். மலிவு டிக்கெட் யோசனைகள் எல்லாமே இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

பிராட்ஃபோர்டு: முன்பணம் கட்டினால் ஆட்டத்துக்கு ஆறு பவுண்டு

வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு சிட்டி 1999 முதல் 2001 வரை இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் படியான பிரீமியர் லீகில் இருந்த கிளப். இறங்கியபின் 2002இலும் 2004இலும் கடன் தாங்காமல் நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் போய் மீண்டது. வேலி பரேடு மைதானம்கூடக் கைவிட்டுப் போய், ஒரு முன்னாள் தலைவரின் குடும்ப ஓய்வூதிய நிதிக்குச் சொந்தமாகிவிட்டது. தங்கள் சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். 2007இல் நான்காம் படியான லீக் டூவுக்கு விழுந்தபோது கையில் மிஞ்சியது 25,000 பேர் உட்காரும் அரங்கமும், அதில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும் கூட்டமும்.

அந்த வருஷம் பெரியவர்களுக்கான சீசன் டிக்கெட்டை 138 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். சொந்த மைதானத்தில் 23 லீக் ஆட்டங்கள். வகுத்தால் ஆட்டத்துக்குச் சரியாக 6 பவுண்டு. ஒரு படி இறங்கிய அணிக்குக் கூட்டம் இன்னும் குறைவதுதான் உலக வழக்கம். இங்கே தலைகீழ்: 9,000-க்குள் இருந்த சராசரி 13,000-ஐத் தாண்டியது. லீக் டூவிலேயே அதுதான் பெரிய கூட்டம். சரி, அணி பிரமாதமாக ஆடியதா? இல்லை. பட்டியலில் பத்தாவது இடம்.

இதில் விலையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பணம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. கோடைக்காலத்தில், முதல் ஆட்டத்துக்கு முன்பே, கிளப்பின் கையில் காசு. ரசிகர் பக்கமும் அப்படித்தான்: நவம்பர் மாத மழையில், ஏழு ஆட்டமாக ஜெயிக்காத அணியைப் பார்க்கப் போகலாமா வேண்டாமா என்று அவர் யோசிக்கும்போது, காசு ஏற்கெனவே போய்விட்டது. 'கட்டியாச்சு, போய்ட்டு வந்துடுவோம்.' அதே இருக்கை, பக்கத்தில் அதே ஆட்கள். ரெண்டு சீசன் போனால் அது பழக்கமாகிவிடும்.

குறையும் உண்டு. இங்கிலாந்தில் அறிவிக்கும் கூட்ட எண்ணிக்கையில் விற்ற சீசன் டிக்கெட் அத்தனையும் அடங்கும், ஆள் வந்தாரா இல்லையா என்பது கணக்கில்லை. ஆகவே குளிரான செவ்வாய்க்கிழமை இரவில் 13,000 என்று அறிவித்தால், கேலரியில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைவிடக் கணிசமாகக் குறைவு. இன்னொன்று, ஆறு பவுண்டுக்குப் பழகியவரிடம் பிறகு பன்னிரண்டு கேட்க முடியாது. அன்றன்றைக்கு வந்து வாங்குபவர் இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டியிருப்பதால், 'எப்போதாவது ஒரு ஆட்டம்' பார்க்கிறவர் தான் ஏமாளி என்று நினைத்துக்கொண்டு வராமலே இருந்துவிடுவார்.

2015-16இல் ஒரு படி மேலே ஏறியிருந்த பிராட்ஃபோர்டு 149 பவுண்டுக்கு மறுபடி இதையே செய்தது. சராசரி 18,000-ஐத் தாண்டியது. அதற்கு முந்தைய ஜனவரியில்தான் பிரீமியர் லீக் கிளப்பான செல்சியை அவர்கள் மைதானத்திலேயே 4-2 என்று கவிழ்த்து எஃப்.ஏ. கோப்பையிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். 2013இல் நான்காம் படியில் இருந்துகொண்டே லீக் கோப்பை இறுதியாட்டத்துக்கு லண்டனின் வெம்பிளி அரங்கம் வரை போனதையும் ஊர் மறக்கவில்லை. அந்த 18,000-இல் விலைக்கு எவ்வளவு, வெற்றிக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 2007 கணக்குதான் எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் அன்று கொண்டாட எதுவுமே இல்லை.

மைதானம் இருப்பது மானிங்ஹாம் என்ற பகுதியில். சுற்றுத் தெருக்களில் பாகிஸ்தான், வங்காளதேச வம்சாவளிக் குடும்பங்கள்தான் பெரும்பாலும். ஆட்டத்துக்கு ஆறு பவுண்டு என்றான பின்னும் அந்தத் தெருக்காரர்கள் திரண்டு வந்துவிடவில்லை. பிற்பாடு அங்கிருந்து சிலர் வர ஆரம்பித்தது 'பங்ளா பாண்டம்ஸ்' போன்ற ரசிகர் குழுக்கள் வழியாக. வங்காளதேச வம்சாவளிப் பெண்கள் ஒருவரையொருவர் கூட்டிக்கொண்டு போனார்கள். தெரிந்தவர் ஒருவர் கூப்பிடுவதற்கு இருக்கும் சக்தி தள்ளுபடிக்குக் கிடையாது.

பக்கத்து ஊர்க்காரர்களான ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் 2008-09 நூற்றாண்டு சீசனுக்கு 100 பவுண்டு என்று இன்னும் கீழே போனார்கள். அதோடு ஒரு வாக்கும் கொடுத்தார்கள்: அன்று வாங்கியவர்கள் விடாமல் ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்துவந்தால், கிளப் பிரீமியர் லீகுக்கு ஏறும் முதல் சீசனில் அதே 100 பவுண்டுதான். மூன்றாம் படியில் இருந்தவர்கள் சொன்னதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். 2017இல் ஏறியே விட்டார்கள், வாக்கையும் காப்பாற்றினார்கள். தள்ளுபடியைக் கொடுத்ததைவிட, விடாமல் வருவதற்கு அதில் ஒரு காரணம் வைத்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

டுசல்டார்ஃப், பாரிஸ்: காசே வேண்டாம்

ஜெர்மனியின் ஃபார்டுனா டுசல்டார்ஃப் 2023இல் இரண்டாம் டிவிஷனில் இருந்த கிளப். 50,000-க்கு மேல் கொள்ளும் பெரிய அரங்கம், அதில் வழக்கமாக ஏகப்பட்ட காலி. 2023 ஏப்ரலில் ஒரு அறிவிப்பு: வரும் சீசனில் மூன்று ஆட்டங்கள் முழு இலவசம், போகப்போக எல்லா ஆட்டங்களும். டிக்கெட் வருமானத்துக்குப் பதில் ஸ்பான்சர்களின் பணம். அக்டோபர் 21 அன்று முதல் இலவச ஆட்டம், கைசர்ஸ்லாட்டர்னுடன். சுமார் 1,30,000 பேர் கேட்டதால் குலுக்கல் போட வேண்டியதாயிற்று. 0-3 என்று பின்தங்கிய ஃபார்டுனா 4-3 என்று ஜெயித்தது. எந்த விளம்பர நிறுவனத்துக்குக் காசு கொடுத்தாலும் இப்படி ஒரு முதல் நாளை எழுதித் தந்திருக்காது.

இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நம்பிக்கை முழுதாக வரவில்லை. இலவச டிக்கெட்டுக்கு விண்ணப்பிக்க ஒரு நொடி போதும், வராமல் இருக்க அதுகூட வேண்டாம். காசு கொடுக்காதவருக்கு அந்த மழை நாளில் உள்ளே இழுக்கும் கயிறு எதுவும் கிடையாது. குலுக்கலில் இன்று உனக்கு, நாளை எனக்கு என்று இடம் மாறிக்கொண்டே இருந்தால், பக்கத்து இருக்கைக்காரர் என்ற ஒருவர் உருவாகவே மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, ரசிகனின் இடத்தில் ஸ்பான்சர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் ஒப்பந்தம் முடிந்து எழுந்து போனால்? பணக்கார டுசல்டார்ஃபுக்குப் பெரிய நிறுவனங்கள் கிடைக்கும். நெசவு ஆலைகளை இழந்த பிராட்ஃபோர்டுக்கு யார் கிடைப்பார்கள்?

பாரிஸ் எஃப்.சி.யின் கதை கொஞ்சம் வேறு. அதே ஊரின் பெரிய கிளப்பான பி.எஸ்.ஜி.யின் (பாரிஸ் சான் ஜெர்மைன்) நிழலில், ஓடுதளம் சுற்றிய ஷார்லெட்டி அரங்கத்தில், 20,000 இருக்கையில் சில ஆயிரம் பேரோடு இரண்டாம் டிவிஷன் ஆடிக்கொண்டிருந்த கிளப். 2023 நவம்பரில் டிக்கெட்டை இலவசமாக்கினார்கள். வெளியூர் ரசிகர்களிடம் மட்டும் 5 யூரோ. வசூல் சொற்பம் என்பதால் இழப்பும் சொற்பம். பிறகு பிரான்சின் பெரும் பணக்காரர்களான அர்னோ குடும்பம் கிளப்பை வாங்கியது, 2025இல் முதல் டிவிஷனுக்கு ஏறியது, பி.எஸ்.ஜி. மைதானத்துக்கு எதிரிலேயே இருக்கும் ஜான் பூவான் அரங்கத்துக்கு மாறியது, இலவசமும் முடிந்தது. அவர்களுக்கு அது கொள்கை இல்லை, அறிமுகச் சலுகை. அப்படிப் பார்த்தால் நியாயமான செலவுதான்.

மற்ற இரண்டும்

'முடிந்ததைக் கொடுங்கள்' என்பதை முழு சீசனுக்கும் செய்தது ஸ்காட்லாந்தின் ஆல்பியன் ரோவர்ஸ். 2014-15இல் சீசன் டிக்கெட்டுக்குக் குறைந்தது 10 பவுண்டு, அதற்குமேல் அவரவர் வசதி. அந்த சீசனில் தங்கள் டிவிஷனை ஜெயிக்கவும் செய்தார்கள். சில நூறு பேர் வரும், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த மைதானம் அது. அங்கே இது செல்லும், ஏனென்றால் வசதி இருந்தும் பத்து பவுண்டு மட்டும் கொடுத்தவரை டீக்கடையில் பார்த்துவிடுவார்கள். இருபதாயிரம் பேர் அரங்கில் அந்தக் கூச்சம் வேலை செய்யாது. ஆல்பியன் ரோவர்ஸ் 2023இல் ஸ்காட்லாந்து லீகை விட்டே இறங்கிவிட்டது. அதற்கு டிக்கெட் முறைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அது காப்பாற்றவும் இல்லை.

கிராக்கிக்கு ஏற்ப விலை வைப்பது அமெரிக்க பேஸ்பாலில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 2009-10இல் பெரிய அளவில் தொடங்கியது. இங்கிலாந்தில் டெர்பி கவுன்டி 2012 வாக்கில் கையிலெடுத்தது. விமான டிக்கெட் மாதிரி. நிறைந்த அரங்கில் கூடுதல் காசு கறக்க இது நல்ல கருவி. ஆனால் காலி அரங்கில்? சுமாரான ஆட்டத்துக்கு விலை இறங்கும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. கடைசி நேரத்தில் இறங்கும் என்று தெரிந்தால் எல்லோரும் கடைசி நேரம் வரை காத்திருப்பார்கள், பிறகு மழை வந்தால் வீட்டிலேயே இருப்பார்கள். சீசன் டிக்கெட் பத்து வருஷத்தில் கட்டியதை இது ஒரே வருஷத்தில் அவிழ்த்துவிடும்.

சென்னையில் எதைச் செய்வது?

நம்மூர்க் கணக்குக்கு வருவோம். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது நம்மூர் கிளப்பான 'சென்னையின் எஃப்.சி.'க்கு நேரு ஸ்டேடியத்தில் சராசரி 20,000-ஐத் தாண்டியது. இத்தாலியின் மாட்டராட்ஸி பயிற்சியாளராகவும் வீரராகவும் இருந்தார், பிரேசிலின் எலானோ கோல் மழை பொழிந்தார். 2015இல் கோப்பை. அந்த ஆண்டின் அரையிறுதியில் சொந்த ஊர் ஆட்டத்தை வெள்ளத்தால் புனேக்கு மாற்ற வேண்டி வந்தது. 2017-18இல் இன்னொரு கோப்பை. பிறகு கொரோனாவால் இரண்டு சீசன் முழுக்க கோவாவில், மூடிய கதவுக்குள். திரும்பி வந்தபோது பழைய கூட்டத்தில் பாதிகூட இல்லை.

இதற்கு விலை காரணமில்லை. டிக்கெட் சினிமாவுக்கு ஆவதைப் போலத்தான். ஆட்டம் பெரும்பாலும் ராத்திரி ஏழரைக்கு, அதுவும் சில சமயம் வார நாளில். முடியும்போது ஒன்பதரை. தாம்பரத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவர் வீடு சேர எத்தனை மணி, காலையில் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? நடுவில் ஓடுதளம் வேறு, கோல் அடித்தவர் யார் என்பது பெரிய திரையைப் பார்த்தால்தான் தெரியும். இதை இலவசமாக்கினால் ஒருநாள் பேருந்து பேருந்தாகப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். அடுத்த ஆட்டத்துக்கு யார் கூட்டி வருவது?

கிராக்கி விலைக்கு ஒரே ஒரு நாள் இடமுண்டு: கேரளா பிளாஸ்டர்ஸ் வரும் நாள். அன்று அவர்களின் மஞ்சள் சட்டை ரசிகர்களால் நேரு ஸ்டேடியத்தின் பெரும்பகுதி மஞ்சளாகிவிடும், நம் அணி சொந்த ஊரிலேயே விருந்தாளி மாதிரி ஆடும். அந்த ஒரு ஆட்டத்துக்கு விலையை ஏற்றி, ஆனால் சீசன் டிக்கெட்காரர்களின் இடத்தைத் தொடாமல் விட்டால், மலிவு சீசன் டிக்கெட் வாங்க அதுவே ஒரு காரணமாகும்.

ஆகவே நான் பிராட்ஃபோர்டு பக்கம். ஆனால் அந்த வழிக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது, அதை இங்கிலாந்தில் யாரும் யோசிக்கக்கூடத் தேவையில்லை: எந்த நாளில் ஆட்டம் என்பது முன்பே தெரிய வேண்டும். கோடையிலேயே அங்கே 23 தேதிகளும் வெளியாகிவிடும். இங்கே 2025 ஜூலையில், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதைக் காரணம் காட்டி லீகையே நிறுத்தி வைத்தார்கள். வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்குவது அந்த ஆண்டு முடியும்வரை தொடங்கவில்லை. தேதியில்லாத ஆட்டத்துக்கு முன்பணம் கட்டச் சொல்ல எந்த கிளப்புக்கும் முகமிருக்காது.

தேதி கிடைக்கும் வருஷத்தில் முதலில் செய்ய வேண்டியது, அரங்கம் முழுவதையும் திறக்காமல் ஆடுகளத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் ஒன்றிரண்டு ஸ்டாண்டை மட்டும் திறந்து, அதற்கு மட்டும் அடிமாட்டு விலையில் சீசன் டிக்கெட் விற்பது. ஒரு டிக்கெட்டோடு பிள்ளை ஒன்றுக்கு இலவசம். சனி, ஞாயிறு ஆட்டங்கள் எத்தனை கிடைக்கும் என்று லீகிடம் கேட்டு, அதை டிக்கெட்டிலேயே அச்சடித்துவிட வேண்டும்.